ஜன்னலோர மிளகாய்ச் செடி: இலையின் அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டறியும் முறை

சென்னையில் 3ஆம் மாடி வீட்டின் கிழக்குப் பார்த்த ஜன்னல் மேடையிலும், அதை ஒட்டிய கம்பியடைத்த பால்கனியிலும் 11 ஆண்டுகளாக மிளகாய்ச் செடிகளைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுச் செடியின் இலை சுருண்டாலும் மஞ்சளித்தாலும், அந்தத் தொட்டி ஓரிரு நாளில் என் வாசலுக்கு வந்துவிடும். அப்படி வந்த செடிகளில் பல, கோளாறு இன்னதென்று தெரியுமுன்பே வேப்பெண்ணெய், மோர்க் கரைசல், யூரியா, எப்சம் உப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றப்பட்டு, முதலில் இருந்த அறிகுறியே அடையாளம் தெரியாமல் போன நிலையில் வந்தவை. அந்த அவசரத்தைத் தவிர்க்கவே இதை எழுதுகிறேன். கண்ணில் படும் அறிகுறியைத் தலைப்பில் தேடி எடுத்து, அதன்கீழ் செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம்வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்; ஒரு காரணம் உறுதிப்பட்டதும் அங்கேயே நின்று, அதற்குரியதை மட்டும் செய்ய வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

மருந்தையோ உரத்தையோ தொடுமுன் மூன்று சோதனைகளைச் செய்துவிட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, இலையைத் திருப்பிப் பார்ப்பது. மிளகாயைத் தாக்கும் பூச்சிகளும் சிலந்திகளும் (வீட்டுச் சிலந்தி அல்ல, செடியின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய ‘மைட்’) பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில்தான் குடியிருக்கின்றன. உச்சித் தளிரிலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகளையும், செடியின் அடியில் உள்ள முதிர்ந்த இலை ஒன்றையும் காலை வெளிச்சத்தில் திருப்பி, நடுநரம்பை ஒட்டிய பகுதியை நிதானமாகப் பார்க்க வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. 20 அல்லது 30 மடங்கு என்றால் இன்னும் நல்லது.

இரண்டாவது, மண்ணைத் தொட்டுப் பார்ப்பது. தேங்காய் நார்க்கழிவு கலந்த தொட்டியில் மேற்பரப்பு காய்ந்து வெளிறியிருக்கும்போதே அடிப்பகுதி சொதசொதவென்று இருக்கும். ஆகவே விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, தொட்டியையும் தூக்கி எடையை உணர வேண்டும். தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை, காய்ந்த நிலையில் ஒருமுறை என்று தூக்கிப் பழகிய கைக்குப் பிறகு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

மூன்றாவது, கோளாறு அடி இலையில் தொடங்கியதா, உச்சித் தளிரில் தொடங்கியதா என்பதைக் குறித்துக்கொள்வது. கீழே வரும் பல முடிவுகள் இந்த ஒரு விடையை நம்பியே இருக்கின்றன.

இவற்றோடு இன்னொன்றும் செய்வேன். சிகிச்சை தொடங்கும் நாளில், உச்சித் தளிருக்குச் சற்றுக் கீழே தண்டில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுவேன். சுருண்ட இலை விரியாது, கருகிய ஓரம் பச்சையாகாது. 10 முதல் 14 நாள் கழித்து நூலுக்கு மேலே வந்திருக்கும் இலைகள் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் பார்த்தால், செய்தது பலித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். நூலுக்குக் கீழே உள்ள பழைய இலைகளைப் பார்த்துக் கலங்கி, நான்காம் நாளே வேறு மருந்துக்கு மாறுவதால்தான் பல செடிகள் கெடுகின்றன.

## அறிகுறி 1: இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆகின்றன

### மதியத்தில் சுருண்டு, மாலையில் விரிந்துவிடுகிறதா?

அப்படியானால் அது வெயிலின் வேலை. சித்திரை, வைகாசியில் மேற்கு ஜன்னலில் வைத்த செடிக்கு இது அன்றாடம் நடக்கும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் மிகும்போது, இலை தன் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. தொட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, பிற்பகல் வெயிலுக்கு வெள்ளைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டி, காலையில் தண்ணீர் ஊற்றினால் போதும். செயற்கை விளக்கின்கீழ் வளரும் செடியில் விளக்கை ஒட்டிய உச்சி இலைகள் மட்டும் இப்படிச் சுருண்டால், விளக்கை ஒரு சாண் உயர்த்திவிட்டு ஒரு வாரம் கவனிக்க வேண்டும். இந்த நிலையில் மருந்து தெளிப்பது, ஏற்கெனவே தவிக்கும் இலையைச் சுடுவதாகவே முடியும்.

### நாள் முழுதும் சுருண்டே இருந்து, அடிப்புறத்தில் வெள்ளிப் பூச்சுப் போன்ற தடமும் கரும்புள்ளிகளும் தெரிகின்றனவா?

இது இலைப்பேன். வெள்ளைத் தாள் ஒன்றைத் தளிருக்கு அடியில் பிடித்து, தளிரை விரலால் நான்கைந்து முறை தட்ட வேண்டும். தாளில் விழும் தூசியில், அரிசி நொய்யில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத வைக்கோல் நிறக் கீற்றுகள் சில, இரண்டொரு நொடி அசையாமல் கிடந்து, பிறகு தாளின் விளிம்பை நோக்கி விரைவாக ஊர்ந்து போகும். தூசி ஊராது; ஊர்ந்தால் அது இலைப்பேன்தான். பூ இருக்கும் செடியானால் பூவையும் விரித்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களைப் பாழாக்கிய புதுவகைக் கரும் இலைப்பேன், பூவுக்குள் கூட்டமாகத் தங்கும் இயல்புடையது. பூக்கள் காரணமின்றி உதிர்ந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். செடியைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, மண்ணை ஒரு பாலித்தீன் பையால் மூடி, தொட்டியைச் சாய்த்து, இலைகளின் அடிப்புறத்தில் படும்படி நன்றாக அடித்துக் கழுவ வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவை செய்தால் தொடக்கநிலைத் தாக்குதல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் வேப்பெண்ணெய். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 அல்லது 2 மில்லி திரவ சோப்பு என்ற அளவில், முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துப் பால்போல் ஆனபின் நீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் அது மிதந்து, கடைசியாகத் தெளிபடும் இலைகளில் மொத்தமாகப் படிந்து அவற்றைச் சுட்டுவிடும். வெயில் தாழ்ந்த பிறகு தெளித்து, 5 அல்லது 6 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். இந்த மூன்று என்ற எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. இலைப்பேன் முட்டையை இலையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. அதன் கூட்டுப்புழுப் பருவம் பெரும்பாலும் மேல்மண்ணில் கழிகிறது. ஒருமுறை தெளிப்பது இவ்விரண்டையும் தொடாது. அதனால் மேல்மண்ணை ஓரங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண்ணோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்து பரப்புவதையும் சேர்த்தே செய்ய வேண்டும். வேப்பெண்ணெய் ஒத்துக்கொள்ளாத செடிகளுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்த 5 சதவீதச் சாறு நல்ல மாற்று.

### பூச்சியே தென்படவில்லை. ஆனால் இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகப் புதர்போல் நிற்கிறதா?

இது இலைச்சுருட்டு வைரஸாக இருக்கலாம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை லேசாக அசைத்தால் பொடிப்பொடியாக வெண்ணிறத்தில் எழும்பிப் பறந்து மீண்டும் இலையடியில் அமர்பவை அவைதாம். வைரஸ் தாக்கிய செடியில் கணுக்களுக்கிடையே உள்ள தூரம் குறைந்து, இலைகள் கொத்தாக ஓரிடத்தில் நெருங்கி நிற்கும்.

இதற்கு மருந்து கிடையாது. ஆனாலும் பிடுங்குமுன், கட்டாயம் அடுத்த அறிகுறியையும் படித்து அதையும் சோதித்துவிட வேண்டும். வெறுங்கண்ணுக்கு வைரஸ்போலத் தெரிவனவற்றில் பல, சிலந்தியால் வந்தவையாக இருக்கும். இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் உரிய சிகிச்சையை முறையாக முடித்து, மூன்று வாரம் கழித்தும் நூலுக்கு மேலே வந்த தளிர் அதே விதமாகச் சுருண்டிருந்தால் மட்டுமே வைரஸ் என்று முடிவு செய்வேன். அந்த மூன்று வாரமும் அந்தச் செடியை மற்றச் செடிகளிலிருந்து வேறு அறையில் வைத்து, அருகில் மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். முடிவு உறுதியானபின் செடியைப் பையால் மூடிக் கட்டி, அதன்பிறகே வேரோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். மூடாமல் பிடுங்கினால் அதிலிருக்கும் வெள்ளை ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

## அறிகுறி 2: இலைகள் கீழ்நோக்கிக் கவிழ்கின்றன

### மண் ஈரமாகவும் தொட்டி கனமாகவும் இருக்கின்றனவா?

இலை அகலம் குறையாமல், வழவழப்பாக, குடைபோலக் கவிழ்ந்து தொங்கினால் தண்ணீர் மிகுதி. வடிகால் துளையில் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்; பல சமயம் வேரோ, அடியில் போட்ட ஓட்டுச் சில்லோ துளையை அடைத்திருக்கும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் நீர் தேங்க விடுவதும் இதே விளைவைத் தரும். துளையைத் திறந்து, தட்டை எடுத்துவிட்டு, இரண்டு கணு ஆழம் காயும்வரை நீர் ஊற்றாமல் இருந்தால் ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடும்.

### இலைகள் கரும்பச்சையாகத் தடித்து, செடி கொழுகொழுவென்று இருக்கிறதா?

தழைச்சத்து மிகுதியாகிவிட்டது. யூரியாவையும் கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் ஒரு மாதம் நிறுத்திவிட வேண்டும்.

### தளிர் இலைகள் விரல்நகம்போலச் சிறுத்து, ஓரம் கீழ்நோக்கி மடிந்து, முதிர்ந்த இலைகளின் காம்பு நீண்டு தொங்குகிறதா?

இதுதான் மஞ்சள் முரணைச் சிலந்தி. வீட்டுக்குள் வளரும் மிளகாயில் மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவது இது. இலைப்பேன் தாக்கிய இலை மேல்நோக்கிச் சுருளும், முரணைச் சிலந்தி தாக்கிய இலை கீழ்நோக்கிச் சுருளும் என்ற ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது ஒரு கிளை மேலும் ஒரு கிளை கீழும் சுருண்டு நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் 6 செடிகளை வைரஸ் என்று கருதிப் பிடுங்கிவிட்டேன். கடைசிச் செடியைப் பைக்குள் போடுமுன், ஏதோ தோன்றி, உச்சித் தளிரைக் கிள்ளி 30 மடங்கு லென்ஸின்கீழ் வைத்தேன். தளிரின் அடிப்புறத்தில், நடுநரம்பின் பள்ளத்தை ஒட்டி, கண்ணாடி மணிகள்போலத் தெளிந்த நீள்வட்ட முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெண்புள்ளிகள் கோத்த முத்துபோல வரிசையாக இருந்தன. அவற்றினூடே மங்கிய மஞ்சளில் ஒரு ஆண் சிலந்தி, அசையாப் பருவத்திலிருந்த பெண் சிலந்தியை முதுகில் சுமந்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. புள்ளியிட்ட அந்த முட்டை வேறு எதற்கும் இல்லாத அடையாளம். அந்த 6 செடிகளும் பிழைத்திருக்கக் கூடியவை. அன்றிலிருந்து தளிரை லென்ஸில் பார்க்காமல் எந்தச் செடியையும் நான் பிடுங்குவதில்லை.

சிலந்தி பூச்சியினம் அன்று. எட்டுக் கால் உடையது. பூச்சிக்கென்று விற்கும் மருந்துகளில் பல இதனிடம் பலிப்பதில்லை. சில மருந்துகள் சிலந்தியைத் தின்னும் இயற்கை எதிரிகளைக் கொன்று, சிலந்தியைப் பெருகச் செய்வதும் உண்டு.

முதல் படி, மிகவும் சுருண்ட தளிர்களை இரண்டு கணு கீழே வரை கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துவது. சிலந்திகள் பெரும்பாலும் இளந்தளிரிலேயே கூடியிருப்பதால், செலவில்லாத இந்த ஒரு செயல் அவற்றின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துவிடும். அடுத்தது, முன்சொன்ன அளவில் வேப்பெண்ணெய், 4 அல்லது 5 நாள் இடைவெளியில் நான்கு முறை. வெப்பமும் ஈரமும் உள்ள நாட்களில் இதன் ஒரு தலைமுறை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் இடைவெளி நீளக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூளை 1 லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். செடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், முகத்தை மூடிக்கொண்டு, வெயில் முற்றிலும் இறங்கியபின் தெளித்து, இரவு அங்கேயே விட்டுவிட வேண்டும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் தெளிக்கக் கூடாது; வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் கூடாது. இரண்டிலும் இலை கருகும்.

## அறிகுறி 3: இலைகள் மஞ்சளாகின்றன

### அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்கின்றனவா?

மாதத்துக்கு இரண்டு மூன்று முதிர்ந்த இலைகள் இப்படி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் என்றால் முதலில் மண்ணின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் மேலே சொன்ன நீர் மிகுதிதான். சரியான ஈரம் இருந்து, செடியும் மொத்தமாக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. 10 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டுக் கிளறி நீர் ஊற்ற வேண்டும். உரமிட்டும் மாற்றமில்லை என்றால் செடியைத் தொட்டியிலிருந்து மெல்லக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தால், ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றாமல் எந்த உரமும் பயன் தராது.

### அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்பிடைப் பகுதி மட்டும் மஞ்சளாகிறதா?

மக்னீசியக் குறைவு. தேங்காய் நார்க்கழிவை மட்டுமே நம்பி வளர்க்கும் தொட்டிகளில் இது அதிகம். எப்சம் உப்பை 1 லிட்டருக்கு 5 கிராம், அதாவது சமமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி, கரைத்து மாலையில் இலைமேல் தெளித்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளித்தால் போதும். எப்சம் உப்பை எல்லா மஞ்சளுக்கும் மருந்தாக எண்ணி வாராவாரம் ஊற்றுவது கேடு. மிகுந்த மக்னீசியம் சுண்ணாம்புச்சத்து உள்ளே போவதைத் தடுத்துவிடும்.

### இதே தோற்றம் உச்சித் தளிரில் வருகிறதா?

அப்போது அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும், ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரால் மண்ணின் காரத்தன்மை ஏறி, வேரால் அதை எடுக்க முடியாமல் போயிருக்கும். மண்ணின் மேலும் தொட்டியின் வெளிச்சுவரிலும் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். மழைநீரோ ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீரோ இதற்கு மிகப் பொருத்தம். இரண்டிலும் உப்பு இருப்பதில்லை. அதன்பிறகும் தளிர் வெளிறினால், கீலேட் வடிவில், அதாவது வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில், விற்கும் இரும்பு உரத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில் கொடுக்கலாம்.

### மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை மேடுபள்ளமாகிறதா?

இது தேமல். இதுவும் வைரஸ்தான், பெரும்பாலும் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வழியாகப் பரவுகிறது. தேமல் வைரஸ்களில் சில, புகையிலையைத் தொட்ட கை வழியாகவும், நோயுற்ற செடியைக் கிள்ளிய கத்தரிக்கோல் வழியாகவும் பரவக் கூடியவை. ஆகவே செடியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். உறுதியானால் செடியை எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது.

## அறிகுறி 4: இலை ஓரமும் நுனியும் கருகுகின்றன

நகரத்து வீடுகளில் இதற்கு முதற்காரணம் நீரில் உள்ள உப்பு. தண்ணீரை வீணாக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், ஆர்.ஓ. சுத்திகரிப்பானிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பலர் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அந்த எந்திரம் நல்ல நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் இந்த வாளியில்தான் வந்து சேர்கிறது. பாசன நீரின் உப்பளவு ஏறத்தாழ 640 பிபிஎம் (1 லிட்டரில் 640 மில்லிகிராம்) என்பதைத் தாண்டும்போதே மிளகாய் தளரத் தொடங்கும். கிணற்று நீரை உள்வாங்கும் வீடுகளில் ஆர்.ஓ. கழிவுநீர் இதைவிடப் பல மடங்கு உப்பு உடையதாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் ஒரு வரிசைத் தொட்டிகளில் எல்லாச் செடிக்கும் ஒரே வாரத்தில் ஓரம் கருகியபோது, அவர்கள் மூன்று பூஞ்சைக்கொல்லிகளை மாற்றிமாற்றித் தெளித்திருந்தார்கள். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை வாளியில் விட்டுப் பார்த்த ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தது. அந்த நீரைத் தரை துடைக்கவும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளலாம், மிளகாய்க்கு வேண்டாம்.

சரிசெய்வதற்கு, தொட்டியைக் குளியலறையில் வைத்து, அதன் கொள்ளளவைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றி, அடித்துளை வழியே முழுதும் வடியவிட வேண்டும். 10 லிட்டர்த் தொட்டிக்கு 20 முதல் 30 லிட்டர். அதற்குப்பின் ஒரு வாரம் உரம் எதுவும் இடக் கூடாது. நீர் நன்றாக இருந்தும் ஓரம் கருகினால், உரம் மிகுந்திருக்கலாம், அல்லது கழுவாத தேங்காய் நார்க்கழிவில் இருந்த உப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் இதே கழுவல்தான் மருந்து. ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் ஒரு பக்க இலைகள் மட்டும் காய்ந்தால் தொட்டியை இடம் மாற்றினால் போதும்.

## அறிகுறி 5: இலையில் புள்ளிகள், கொப்புளங்கள், திட்டுகள்

### ஊசியால் குத்தியதுபோல வெளிர் புள்ளிகள் நிறைந்து, அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா?

செஞ்சிலந்தி. ஏ.சி. அறையின் வறண்ட காற்றிலும் கோடையிலும் பெருகும். முரணைச் சிலந்திக்கு மாறாக இது முதிர்ந்த இலையில் தொடங்கும். அடிப்புறத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரம் தொடர்ந்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் அறிகுறி 2இல் சொன்ன வரிசையைப் பின்பற்றலாம்.

### அடிப்புறத்தில் சொரசொரப்பான சிறு கொப்புளங்கள் உள்ளனவா?

ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில், வெயில் இல்லாதபோதும் வழக்கம்போல நீர் ஊற்றும் வீடுகளில் இது வரும். வேர் எடுத்த நீர் வெளியேற வழியின்றி இலையின் செல்கள் புடைத்துக்கொள்கின்றன. இவை பூச்சியின் முட்டைகள் என்று எண்ணி மருந்து அடிப்பவர்கள் உண்டு. நகத்தால் சுரண்டினால் முட்டை உதிரும், கொப்புளம் உதிராது. நீரைக் குறைத்து, மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தால் போதும்.

### வெளியே வைத்த மறுநாளே வெள்ளைத் தாள்போலத் திட்டுகள் வந்தனவா?

வீட்டுக்குள் வளர்ந்த செடியைத் திடீரென மொட்டைமாடி வெயிலில் வைத்ததால் வந்த வெயில்புண். முதல் நாள் ஒரு மணி நேரம் என்று தொடங்கி 7 முதல் 10 நாளில் பழக்க வேண்டும்.

### மேலே மஞ்சள் திட்டும், அதன் நேர் அடியில் வெண்மாவும் இருக்கின்றனவா?

சாம்பல் நோய். பாதித்த இலைகளைக் கிள்ளி எடுத்து, செடிகளுக்கிடையே ஒரு முழம் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பரவினால் நனையும் கந்தகம், முன்சொன்ன எச்சரிக்கைகளோடு.

### நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கரும்பழுப்பும் உள்ள வட்டப் புள்ளியா, நீர்கோத்த சிறு கரும்புள்ளியா?

முன்னது பூஞ்சையாலும் பின்னது பாக்டீரியாவாலும் வருவன. இரண்டுக்கும் முதற்படி ஒன்றே: புள்ளியுள்ள இலைகளை உலர்ந்த நேரத்தில் கிள்ளி எடுத்து, இலைமேல் நீர் படாமல் வேரில் மட்டும் ஊற்றுவது. வீட்டுக்குள் மழை படாததால் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். புது இலையிலும் தொடர்ந்தால் செம்பு கலந்த மருந்தான காப்பர் ஆக்சிகுளோரைடை 1 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் வெளியே வைத்துத் தெளிக்கலாம்.

## அறிகுறி 6: இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மூன்றில் ஒன்று. எறும்பின் வழியைப் பின்தொடர்ந்தால் பூச்சியிடம் போய்ச் சேரலாம். அசுவினியைத் தண்ணீரில் கழுவினாலே போதும்; மாவுப்பூச்சியைப் பஞ்சில் சோப்பு நீர் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். இலைமேல் படியும் கரிபோன்ற பூஞ்சை இந்தப் பிசுபிசுப்பில் வளர்வது. பூச்சி போனால் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

## அறிகுறி 7: செடி மொத்தமாகத் தொய்கிறது

மண் காய்ந்திருந்தால் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் தொய்ந்தால் செடியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் உருவிக்கொண்டு, நாற்றம் அடித்தால் வேரழுகல். அழுகியதை வெட்டி நீக்கி, புது மண்ணில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் நடலாம். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் பிழைப்பது அரிது.

வேர் வெண்மையாக இருந்தும், இலை பச்சையாகவே இருக்கும்போதே செடி இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிட்டால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுகம் நீரில் தொடும்படி அசையாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிழை வெட்டுமுகத்திலிருந்து கீழிறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடி, மண் இரண்டையும் அப்புறப்படுத்தி, தொட்டியை வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த மண்ணில் தக்காளி, கத்தரியையும் நடக் கூடாது.

## எப்போது வல்லுநரை அழைக்க வேண்டும்

ஒரு தொட்டியோ இரண்டு தொட்டியோ என்றால் மேலே சொன்னவற்றோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து; அதற்குமேல் செலவழிப்பதைவிடப் புது நாற்று நடுவது நல்லது. ஆனால் மூன்று நிலைகளில் கேட்காமல் இருக்கக் கூடாது. 10 தொட்டிக்கு மேல் இருந்து ஒரே வாரத்தில் பாதிச் செடிகளுக்குப் பரவினால், இரண்டு சுற்று முறையான சிகிச்சைக்குப் பின்னும் நூலுக்கு மேல் உள்ள தளிர் கெட்டே வந்தால், அல்லது கடைக்காரர் செடிக்குள் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லியைப் பரிந்துரைத்தால். கடைசியாகச் சொன்னது முக்கியம்: சமையலுக்குப் பறிக்கும் செடியில், அதுவும் குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள், இத்தகைய மருந்தை அறிந்தவர் சொல்லாமல் பயன்படுத்தவே கூடாது. பறிப்பதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். நேரில் காட்ட, அந்தந்த மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமோ தோட்டக்கலை அலுவலகமோ உண்டு. கோயம்புத்தூரைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே அருகில் இருக்கிறது.

போகும்போது, முழுதும் கெட்டு உலர்ந்த இலையை எடுத்துப் போவதில் பயனில்லை. கோளாறு தொடங்கும் நிலையில் உள்ள தளிர் ஒன்று, நடுநிலையில் உள்ள இலை ஒன்று, நல்ல இலை ஒன்று என்று மூன்றையும் காலையில் கிள்ளி, தனித்தனியே செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போக வேண்டும். பாலித்தீன் பையில் அடைத்தால் வேர்த்துப் புழுங்கி, போய்ச் சேருமுன் வேறு பூஞ்சை வந்துவிடும். செடிக்கு ஊற்றும் நீரில் அரை லிட்டரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு, கடந்த ஒரு மாதத்தில் தெளித்தவை, இட்டவை அனைத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, நூல் கட்டிய கிளையின் படத்தையும் கைபேசியில் வைத்திருந்தால், அவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்போதே விடை சொல்லிவிடலாம்.